ராணுவக் கட்டுமானத்துக்கு ‘ஒப்புதல்’: அந்தச் செய்தி வெலிங்டனுக்கு வந்து சேரும் வழி

“ராணுவ உள்கட்டமைப்புக்கு இத்தனை கோடி, மத்திய அரசு ஒப்புதல்” என்று டெல்லியிலிருந்து செய்தி வந்தால், நீலகிரியின் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு வட்டாரத்தில் இரண்டு கேள்விகள் கிளம்பும். ஒப்பந்தக்காரர்களும், அவர்களை நம்பியிருக்கும் கொத்தனார், பெயின்டர், வயரிங் வேலைக்காரர்களும் “டெண்டர் எப்போ?” என்று கேட்பார்கள். ராணுவ வேலியை ஒட்டி வீடோ தேயிலைத் தோட்டமோ வைத்திருப்பவர்கள் “நம்ம இடத்துக்கு ஏதும் சிக்கல் வருமா?” என்று கேட்பார்கள்.

இரண்டுக்கும் பதில், செய்தியில் வந்தது எந்த ஒப்புதல் என்பதைப் பொறுத்தது. தேவையை ஏற்பது, தொகையை ஏற்பது, வரைபடத்தை ஏற்பது, ஒப்பந்தம் போடுவது, அந்த ஆண்டுக்கான பணத்தை ஒதுக்குவது என ஐந்து தனித்தனிக் காரியங்களைத் தமிழ்ச் செய்திகள் ‘ஒப்புதல்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. முதல் காரியத்துக்கும் கடைசிக் காரியத்துக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடுவதுண்டு.

முதலில், எந்தப் பணம்?

2025-26 பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மொத்தம் 6,81,210 கோடி ரூபாய். இது நாடாளுமன்றத்தில் நான்கு மானியக் கோரிக்கைகளாகப் போகிறது: அமைச்சகத்தின் சிவில் செலவுகள், படைகளின் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு, ஓய்வூதியம். சம்பளம், உணவு, எரிபொருள், கட்டடப் பழுதுபார்ப்பு போன்றவை வருவாய்ச் செலவு. ஆண்டுக்கணக்கில் நிற்கும் சொத்தை வாங்குவதும் கட்டுவதும் மூலதனச் செலவு. புதிய குடியிருப்பு, புதிய பயிற்சிக் கூடம், புதிய தண்ணீர்த் தொட்டி எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை.

மூலதனச் செலவுக்கு அந்த ஆண்டு 1,80,000 கோடி. படிக்கும்போது கண் விரியும். ஆனால் அதில் 1,48,722.80 கோடி விமானம், கப்பல், ஏவுகணை, பீரங்கி என்று தளவாடம் வாங்கப் போகிறது. மிஞ்சிய 31,277.20 கோடி ஆராய்ச்சிக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்து. அதிலும் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் மூலதனப் பங்கு 14,923.82 கோடி. கழித்துப் பார்த்தால் கையில் நிற்பது 16,350 கோடி சொச்சம். அமைச்சகத்தின் மொத்தச் செலவில் 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ரூபாய் 40 காசு. லடாக் முதல் அந்தமான் வரை முப்படைகளின் புதிய கட்டுமானமும் இந்தக் காசுக்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வெலிங்டனும் அந்த வரிசையில்தான்.

இந்த வரிசைக்குச் சம்பந்தமே இல்லாமல், பெயர் ஒற்றுமையால் மட்டும் நம்பிக்கை கிளப்பும் செய்திகளும் உண்டு.

1. தளவாடக் கொள்முதல் கவுன்சில் செய்திகள். பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான இந்தக் கவுன்சில் 2025 ஜூலையில் சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய்க்கான 10 திட்டங்களுக்குத் தேவை ஏற்பு கொடுத்தது. அத்தனையும் ஏவுகணை, மின்னணுப் போர்க்கருவி போன்ற கொள்முதல்கள். இதில் ஒரு செங்கல்கூடக் குன்னூருக்கு வராது.

2. எல்லைச் சாலைச் செய்திகள். எல்லைச் சாலைகள் அமைப்புக்கு 2025-26இல் 7,146.50 கோடி மூலதனம் ஒதுக்கப்பட்டது. அது எல்லையோர மாநிலங்களின் சாலை, பாலம், சுரங்கப்பாதைக்கானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறும் 181ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ராணுவ வண்டிகள் எவ்வளவு பயன்படுத்தினாலும் அது அந்த அமைப்பின் சாலை அல்ல.

3. பாதுகாப்புத் தொழில் வழித்தடச் செய்திகள். தமிழ்நாட்டு வழித்தடத்தின் மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. அது தொழில் முதலீட்டை ஈர்க்கும் திட்டம். பாரக்ஸ், அதாவது படைவீரர் தங்கும் கட்டடம், கட்டும் திட்டம் அல்ல.

ஒரே சாலையில் நான்கு கல்லாப்பெட்டி

நீலகிரியில் ‘ராணுவம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். குன்னூரிலிருந்து அருவங்காடு போய்ச் சேர்வதற்குள் நான்கு வேறு நிர்வாகங்களைக் கடந்துவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் வழி வேறு.

எம்.ஆர்.சி. என்று ஊர் சொல்லும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் தரைப்படையின் கீழ் வருகிறது. அது குடியிருக்கும் பழைய பாரக்ஸ் கட்டத் தொடங்கியது 1850-களில். அப்போது இந்த இடத்தின் பெயர் ஜக்கதளா. படகர் ஊரான ஜெகதளா இன்றும் பேரூராட்சியாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஸ்டாஃப் காலேஜ், அதாவது பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி, பிரிவினைக்குப் பின் குவெட்டாவிலிருந்து பிரிந்து 1947இல் இங்கே வந்தது. முப்படை அதிகாரிகளும் வெளிநாட்டு அதிகாரிகளும் படிக்கும் இடம் என்பதால், அதன் தேவைகள் முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகத்தின் வழியாக மேலே போகின்றன. இந்த இரண்டு இடங்களிலும் கட்டுவது ராணுவப் பொறியியல் சேவையான எம்.இ.எஸ்.

வெடிமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி கதை வேறு. 1904இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை நூறு ஆண்டுக்கு மேல் அரசுத் துறையாகவே இருந்தது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, 41 தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அருவங்காடு, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டுக்குள் போனது. அதனால் அங்கே புதிய ஆலைப் பிரிவு வந்தால் அது ஒரு கம்பெனியின் முதலீட்டு முடிவு. அரசு உதவி சேரலாம். ஆனாலும் ‘படைகளின் கட்டுமான ஒப்புதல்’ என்ற செய்திக்குள் அது அடங்காது.

நான்காவது வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டு. 2006ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டப்படி, ராணுவக் குடியிருப்புப் பகுதிக்கென நடக்கும் உள்ளாட்சி இது. தமிழ்நாட்டில் இப்படி இருப்பவை இரண்டே இரண்டு, மற்றொன்று பரங்கிமலை-பல்லாவரம். தெருவிளக்கு, குப்பை, குடிநீர், பொதுமக்கள் பகுதிச் சாலை ஆகியவை இதன் பொறுப்பு. சொந்த வரியிலும் அமைச்சகத்தின் மானியத்திலும் ஓடுகிறது. போர்டு பகுதியில் ஒரு சாக்கடை உடைந்து கிடப்பதற்கும் டெல்லியில் அறிவித்த கட்டுமானக் கோடிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

ஒப்புதலின் படிகள்: ஒரு கற்பனைக் கட்டடம்

வெலிங்டனில் படைவீரர் குடும்பங்களுக்கு 40 வீடுகள் கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண் கற்பனை. படிகள் ராணுவக் கட்டுமான நடைமுறை விதிகளில் உள்ளவை.

1. தேவை ஏற்பு. “இந்த வீடுகள் தேவைதானா?” என்ற கேள்விக்கு ஆம் என்று அதிகாரமுள்ளவர் எழுதுவது. எந்தப் பதவிக்கு எத்தனை சதுர அடி, எத்தனை பேருக்கு எத்தனை வீடு என்று அளவுகோல் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அதற்குள் வந்தால் சுலபம். அளவுகோலுக்கு வெளியே ஏதாவது கேட்டால் கோப்பு அப்படியே மேலே ஏறும். ஆங்கிலத்தில் இதன் சுருக்கம் ஏ.ஓ.என். பல தலைப்புச் செய்திகள் இந்த இடத்திலேயே பிறந்துவிடுகின்றன. இந்த நிலையில் கட்டடத்துக்கு வரைபடம்கூட இருக்காது.

2. அதிகாரிகள் குழுவும் இட ஆய்வும். கட்டடத்தைப் பயன்படுத்தப்போகிறவர்கள், எம்.இ.எஸ். பொறியாளர்கள் எல்லாம் சேர்ந்து இடத்தைப் பார்க்கிறார்கள். நிலம் யாருடையது, தண்ணீர் எங்கிருந்து, மரம் எத்தனை, சரிவு எவ்வளவு என்று குறிக்கிறார்கள். தோராய மதிப்பீடு இங்கே உருவாகிறது.

3. நிர்வாக ஒப்புதல். “இந்த வேலையை இந்தத் தொகைக்குள் செய்யலாம்” என்ற முறையான உத்தரவு. யார் கையெழுத்திடலாம் என்பதைத் தொகை முடிவு செய்கிறது. நிலையத் தளபதியில் தொடங்கி, பிராந்தியத் தளபதி, படைத் தலைமையகம், அமைச்சகம் என்று ஒவ்வொரு மட்டத்துக்கும் ஓர் உச்ச வரம்பு. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் போனால் நிதி ஆலோசகரின் இசைவும் வேண்டும். மிகப் பெரியவை பிரதமர் தலைமையிலான பாதுகாப்பு விவகார அமைச்சரவைக் குழுவரை போகும். வெலிங்டன் அளவு வேலைகள் அங்கே தனியாகப் போவது அபூர்வம். நாடு தழுவிய ஒரு பெரிய திட்டத்தின் துண்டாகத்தான் போகும்.

4. தொழில்நுட்ப ஒப்புதல். மண் பரிசோதனை முடிந்து, அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட், வடிகால் எல்லாம் வரைந்து, விரிவான மதிப்பீடு தயாரான பின் பொறியாளர் தரப்பு கொடுக்கும் ஒப்புதல். பத்திரிகைகள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கட்டடம் நிற்குமா சரியுமா என்பது முடிவாவது இங்கேதான்.

5. டெண்டரும் ஒப்பந்தமும். பாதுகாப்புத் துறையின் மின்னணு டெண்டர் தளத்தில் அறிவிப்பு வரும். எம்.இ.எஸ். தன் ஒப்பந்தக்காரர்களை வகை பிரித்துப் பதிவு செய்திருக்கிறது. எந்த வகைக்காரர் எவ்வளவு தொகைவரை கேட்கலாம் என்று வரம்பு உண்டு.

ஐந்தாவது படியில் உள்ளூர்க்காரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 40 வீடு கட்டும் பெரிய ஒப்பந்தத்தை வெளியூர்ப் பெரிய நிறுவனம் எடுக்கவே வாய்ப்பு அதிகம். குன்னூரின் சிறு ஒப்பந்தக்காரருக்கு அதில் உள்குத்தகையாக ஏதாவது கிடைக்கலாம். அவருக்கு வருஷா வருஷம் சோறு போடுவது பெயின்ட் அடிப்பது, கூரைத் தகரம் மாற்றுவது, குழாய், வயரிங் போன்ற பராமரிப்பு வேலை. அந்தப் பணம் வருவாய்ச் செலவிலிருந்து வருகிறது. மூலதனத்தில் பெரிய அறிவிப்பு வந்த ஆண்டிலேயே பராமரிப்பு ஒதுக்கீடு சுருங்கலாம். தலைப்புச் செய்தியைக் கொண்டாடிவிட்டு, ‘வேலையே இல்லையே’ என்று ஒரு பெயின்டர் குழம்புவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒப்புதல் இருக்கிறது, பணம் எங்கே?

நிர்வாக ஒப்புதல் என்பது செலவு செய்ய அனுமதி. கையில் பணம் என்று அதற்குப் பொருள் இல்லை. பணம் ஆண்டுக்கு ஆண்டு, மார்ச் 31 வரை மட்டும் செல்லுபடியாகும் ஒதுக்கீடாக வருகிறது.

அந்த ஒதுக்கீட்டில் முதல் உரிமை பழைய வேலைகளுக்கு. மூன்று ஆண்டுக்கு முன்பு ஒப்பந்தம் போட்டு இன்னும் நடந்துகொண்டிருக்கும் கட்டடங்களுக்கு பில் கொடுத்தே ஆகவேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் புது வேலைக்கு. வீட்டுக் கடன் தவணை போக மிச்சத்தில் வண்டி வாங்கத் திட்டமிடும் குடும்பத்தின் நிலைமைதான் இது. ஒரே ஆண்டில் ஏராளமான வேலைகளுக்கு நிர்வாக ஒப்புதல் கொடுத்துவிட்டால், அடுத்த பல ஆண்டுகளின் பணம் இப்போதே பேசி முடிக்கப்பட்டதாகிவிடும். புதியவர் வரிசையில் நிற்பார்.

இதற்குப் பெரிய உதாரணம், படைவீரர் குடும்பக் குடியிருப்புத் திட்டம். நாடு முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள் கட்ட 2002இல் முடிவெடுத்தார்கள். நான்கைந்து ஆண்டுகளில் முடிக்க நினைத்தார்கள். இருபது ஆண்டு கழித்தும் முடிந்தபாடில்லை. இடம் கிடைக்காதது, விலை ஏறியது, ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டது எனப் பல காரணங்கள்.

விலை ஏற்றம் தனி வில்லன். கட்டி முடிக்கும் தொகை ஒப்புதல் தொகையைக் கொஞ்சம் தாண்டினால் சமாளிக்க விதி இடம் தருகிறது. அரசுக் கட்டுமானங்களில் வழக்கமான வரம்பு 10 சதவீதம். அதற்கு மேல் போனால் திருத்திய ஒப்புதல் வேண்டும். கோப்பு மறுபடி மூன்றாம் படிக்கு ஏறி இறங்கவேண்டும். அதற்குள் சிமென்ட் விலை இன்னொரு முறை ஏறியிருக்கும்.

மலை போடும் கணக்கு

சமவெளியில் போட்ட மதிப்பீட்டை வெலிங்டனுக்கு அப்படியே கொண்டுவந்தால் உதைக்கும். இங்கே கட்டடத்துக்கு முன்பாகவே செலவு தொடங்கிவிடுகிறது: சரிவை வெட்டவேண்டும், தடுப்புச் சுவர் எழுப்பவேண்டும், மழைநீரைப் பக்கத்துச் சரிவில் பாய்ச்சாமல் ஓடைவரை இழுத்துப் போகவேண்டும். தடுப்புச் சுவரைக் கணக்கில் சிக்கனப்படுத்தினால் என்ன ஆகும் என்று நீலகிரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009 நவம்பர் மழையில் நடந்த நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகவே குன்னூர் பக்கம் ஒரு ராணுவக் கட்டடத்தின் தொகை ‘ஓவர்’ என்று தோன்றினால், அதில் எவ்வளவு சுவருக்கும் வடிகாலுக்கும் என்று முதலில் பார்ப்பது நியாயம்.

அடுத்தது வனச் சட்டம். மாவட்டத்தின் பாதிக்கு மேல் வனம். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டபோது, ராணுவத்துக்கு விலக்கு கிடைத்துவிட்டது, இனி எங்கே வேண்டுமானாலும் கட்டலாம் என்று பேச்சு பரவியது. அது பாதி உண்மை. இங்கே பார்க்கவேண்டிய விலக்குகள் இரண்டு. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் சாலை, ரயில்பாதை போல நீளவாக்கில் போகும் பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள திட்டங்களுக்கு ஒன்று. நீலகிரி அந்தத் தூரத்துக்குள் வராது. பாதுகாப்பு சார்ந்த உள்கட்டமைப்புக்கு 10 ஹெக்டேர் வரை என்பது மற்றொன்று. இது எல்லைக்கு அருகில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லாதது, எனவே இங்கும் பொருந்தக்கூடியது. இந்த விலக்கும் மத்திய அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டதுதான். 10 ஹெக்டேர் என்பது 25 ஏக்கருக்குச் சற்றே குறைவு. மலையில் அது சின்ன இடம் இல்லை.

வேலிக்கு வெளியே இருப்பவர்கள்

இனி இரண்டாவது கேள்வி. உள்ளே புதுக் கட்டடத்துக்கு ஒப்புதல் கிடைத்தால் வெளியே வீடு கட்டுகிறவர்களுக்குப் புதிய தடை வருமா?

ராணுவ இடங்களைச் சுற்றிய கட்டுப்பாட்டுக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம். அதன்படி தடை விதிக்க முறையாக அறிவிக்கை வெளியிடவேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் தரவேண்டும். இன்னொன்று, அமைச்சகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 100 மீட்டருக்குள் கட்டுவதானால் ராணுவத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், நான்கு மாடிக்கு மேல் போனால் அந்தத் தூரம் 500 மீட்டர் என்றது அது. எதிர்ப்பு வலுக்கவே 2016இல் பல நிலையங்களுக்கு இதை 10 மீட்டராகக் குறைத்தார்கள். எந்த நிலையத்துக்கு எந்தத் தூரம் என்று பட்டியலே உண்டு. வீட்டு வரைபடம் போடுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

இந்தத் தூரத்தை அளப்பது ராணுவ இடத்தின் வெளிச் சுற்றுச்சுவரிலிருந்து. உள்ளே இருக்கும் தனிக் கட்டடத்திலிருந்து அல்ல. ஆக, இருக்கும் நிலத்துக்குள்ளேயே 40 வீடு வந்தாலும் 400 வீடு வந்தாலும் வெளியே கோடு நகராது. கோடு நகர்வது புதிதாக நிலம் எடுத்தால் மட்டும். அப்படி எடுப்பதானால் அது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, தனி அறிவிப்போடு நடக்கும். அந்தச் சட்டத்தின் அவசரப் பிரிவை நாட்டின் பாதுகாப்புக்காகப் பயன்படுத்த இடம் இருப்பதால், கட்டுமானச் செய்தியைவிட நில அறிவிப்பைத் தேயிலை விவசாயிகள் கவனிப்பது புத்திசாலித்தனம்.

எங்கே பார்ப்பது?

டெண்டர் வந்ததா என்று அறிய பாதுகாப்புத் துறையின் மின்னணு டெண்டர் தளம் போதும். வெலிங்டன் கோட்டப் பொறியாளர் பெயரில் வரும் அறிவிப்புகளை யாரும் பார்க்கலாம். ஆண்டு ஒதுக்கீடு பட்ஜெட்டோடு வரும் பாதுகாப்புப் பணிகள் மதிப்பீட்டு நூலில் இருக்கும், ஆனால் ஊர்வாரியாகப் பிரித்துத் தரமாட்டார்கள். வேலை முடிந்து பல ஆண்டு கழித்துக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் வருவது வேறு சுவாரசியம். தகவல் உரிமை மனு போடலாம். பாதுகாப்பைப் பாதிக்கும் என்று கருதினால் மறுக்க அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது.

மார்ச் 31-உம் மழையும்

கடைசியாக, டெல்லிக் காலண்டருக்கும் நீலகிரிக் காலண்டருக்கும் உள்ள பொருத்தமின்மை. குன்னூர்ப் பக்கத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. மண் வெட்டவும் கான்கிரீட் போடவும் நல்ல காலம் ஜனவரியில் தொடங்கி மே வரை. அந்த ஐந்து மாதத்தின் நடுவில் மார்ச் 31 வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் ‘பணம் திரும்பிப் போயிடும்’ என்ற அவசரத்தில் வேலை பறக்கும். ஏப்ரல் பிறந்ததும் புதிய ஆண்டின் ஒதுக்கீடு கீழே வந்து சேரும்வரை வேகம் குறையும். ஒதுக்கீடு வந்து சேரும்போது ஊட்டி சீசன் தொடங்கியிருக்கும். மலைப்பாதையில் ஏறுவதற்கு பர்லியாறு, குன்னூர் வழி, இறங்குவதற்கு கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வரும். ஜல்லியும் கம்பியும் ஏற்றிய லாரி மேட்டுப்பாளையத்தில் இரவுக்காகக் காத்து நிற்கும்.